ஓடையில் வருவதை எடுத்துப் போடும்போது

என் வலைப்பதிவில் நான் எழுதுவது இரவு வானத்தைப் பற்றி. அதிலேயே ஒரு பகுதியை மற்றவர்கள் எழுதியதற்காக ஒதுக்கியிருக்கிறேன். வானியல் பற்றி நன்றாக எழுதுகிறவர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். ஆளுக்கொரு தளம், ஆளுக்கொரு வேகம். சிலர் வாரம் தவறாமல் எழுதுவார்கள், சிலர் மாதக்கணக்கில் காணாமல் போய்த் திடீரென்று அருமையான ஒரு பதிவோடு வருவார்கள். அவர்களுடைய தளங்கள் தரும் செய்தியோடைகளை, அதாவது புதுப் பதிவுகளைக் கருவிகள் படிக்கும் வடிவில் தரும் பட்டியல்களை, என் தளம் எடுத்துவந்து எனக்குக் காட்டும். அதிலிருந்து தேர்ந்தெடுத்து அந்தப் பகுதியில் இடுகிறேன். பல ஆண்டுகளாக இது நடக்கிறது. இதேபோலச் செய்ய நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தப் பிளக்இன் (தளத்தில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) நல்லது என்றுதான். பிளக்இன் போடுவது சின்ன வேலை. அதற்கு முன்பும் பின்பும் இருக்கிற வேலையைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு வாதத்தைப் பார்த்துவிடலாம். "ஓடை என்று ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறார்களே, அதுவே எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு அனுமதிதானே?" என்று பலர் கேட்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஓடைக்கான ஆர்எஸ்எஸ் என்ற வடிவம் 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்திலிருந்து வந்தபோது அதன் நோக்கமே மற்ற தளங்களின் தலைப்புகளை நெட்ஸ்கேப்பின் முகப்புப் பக்கத்தில் காட்டுவதுதான். அதாவது, பிறக்கும்போதே இது பிறர் பக்கத்தில் தோன்றுவதற்காகப் பிறந்தது. ஆனால் அந்த முதல் வடிவத்தில் ஒவ்வொரு செய்திக்கும் இருந்தவை இரண்டே இரண்டு: தலைப்பு, சுட்டி. படிக்க வேண்டுமானால் சுட்டியைத் தட்டி எழுதியவரின் தளத்துக்குத்தான் போக வேண்டும். சுருக்கம் வந்தது பின்னால். முழுப் பதிவும் படங்களோடு ஓடைக்குள் வரத் தொடங்கியது இன்னும் பின்னால். ஓடையில் போகும் சரக்கு பெருகிக்கொண்டே வந்தது. எழுதியவர் தந்த அனுமதியும் கூடவே பெருகியது என்று நாமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று, தன் தளத்துக்கு ஓடை இருப்பதே தெரியாத பதிவர்கள் நிறையப் பேர். வேர்ட்பிரஸ் போன்ற வலைப்பதிவு மென்பொருள்கள் யாரும் கேட்காமலேயே ஓடையை உருவாக்கித் தந்துவிடுகின்றன. அமைப்புகளில் 'முழு உரை', 'சுருக்கம்' என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். பலர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்ததில்லை. ஓடைகளைத் திரட்டிப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்ட பிறகு வலைக்கு வந்தவர்களில் பலருக்கு ஓடை வழியாகப் படிக்கும் பழக்கமே கிடையாது. நான் அனுமதி கேட்டு எழுதியபோது, "அப்படியா, என் பதிவு முழுசாக அப்படி வெளியே போகிறதா?" என்று திகைத்தவர்கள் உண்டு. தெரியாமல் திறந்து கிடக்கும் கதவை எப்படி அழைப்பு என்று சொல்வது?

அனுமதி என்று வரும்போது வேலை இரண்டாகப் பிரிகிறது. ஏற்கெனவே நிபந்தனைகளை எழுதி வைத்திருக்கும் தளங்கள் ஒரு பக்கம், எதுவுமே சொல்லாத தளங்கள் இன்னொரு பக்கம்.

எதுவும் சொல்லவில்லை என்றால் எல்லா உரிமையும் எழுதியவருக்குத்தான். பதிப்புரிமை பெற எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, வட்டத்துக்குள் 'சி' போட வேண்டியதும் இல்லை. எழுதி முடித்ததுமே உரிமை வந்துவிடுகிறது. 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையைப் பின்பற்றும் நாடுகளில் இதுதான் அடிப்படை. அதே உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு மேற்கோள் காட்டுவதற்கு இடம் தருகிறது: நியாயமான வழக்கத்துக்கு உட்பட்டு, நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டும், மூலத்தையும் ஆசிரியர் பெயரையும் சொல்லி. நான் சில வரிகளை எடுத்துப் போட்டு மூலத்துக்கு அனுப்பி வைப்பதற்கு இதுவே துணை. நாட்டுக்கு நாடு விவரம் மாறும். ஆனால் முழுப் பதிவையும் அப்படியே எடுத்துப் போட்டுக் கீழே 'நன்றி' என்று எழுதிவிடுவதை மேற்கோள் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த 'நன்றி' வழக்கம் நம் வலையுலகில் நிறைய இருக்கிறது. நன்றி சொல்வது நல்ல பண்புதான், ஆனால் அது அனுமதிக்கு ஈடாகாது.

நிபந்தனை எழுதி வைத்திருக்கும் தளங்களில் என் துறை கொடுத்து வைத்தது. ஐரோப்பிய தெற்கு வானாய்வகமான ஈஎஸ்ஓவும், ஹபிள் தொலைநோக்கிக்கான ஐரோப்பிய விண்வெளி முகமையின் தளமும், வேறு குறிப்பு இல்லாத படங்களையும் செய்தி உரைகளையும் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில் தருகின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமங்களின் தொகுப்பு. பெயரைச் சொன்னால் போதும் என்கிற வகை அது. 'சொன்னால் போதும்' என்றாலும் எப்படிச் சொல்வது என்பதில் அவர்கள் கண்டிப்பானவர்கள். படத்துக்கு உரியவர்களின் பெயர் வரியை மாற்றாமல், தெளிவாகப் படிக்கும்படி இட வேண்டும். ஓடையிலிருந்து படம் மட்டும் தனியாகப் பிரிந்து வந்து, பெயர் வரி உரையோடு போய்விடும் பிளக்இன்கள் உண்டு. ஆகவே படம் எங்கே போனாலும் பெயர் வரியும் கூடவே போகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பேன்.

நாசா கதை வேறு. அமெரிக்க அரசு ஊழியர்கள் தங்கள் பணியின் பகுதியாக உருவாக்குவதற்கு அந்த நாட்டுச் சட்டத்தில் பதிப்புரிமை இல்லை. அதனால் 'நாசா படம் என்றால் யாரும் எடுக்கலாம்' என்று ஒரு பேச்சு பரவிவிட்டது. நாசாவின் தளத்தில் 1995 ஜூன் 16 முதல் தினமும் ஒரு வானியல் படம் வருகிறது. அதில் வரும் படங்களில் பல, தனிப்பட்ட ஒளிப்படக் கலைஞர்களுடையவை. குளிரில் இரவெல்லாம் காத்திருந்து எடுத்து, பல மணி நேர ஒளியைச் சேர்த்து உருவாக்கியவை. அங்கே படத்தின் கீழே 'படம்: இன்னார்' என்று மட்டும் இருந்தால் ஒரு கதை, 'படமும் பதிப்புரிமையும்: இன்னார்' என்று இருந்தால் வேறு கதை. இரண்டாவது வகையை நாசா தளத்தில் வந்தது என்பதற்காக எடுத்துப் போட முடியாது, அந்தக் கலைஞரைத்தான் கேட்க வேண்டும். ஓடைத் துண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் பக்கத்தைத் திறந்து அந்த வரியைப் படித்துவிட்டே எதையும் இடுவது என்று வைத்திருக்கிறேன்.

கிரியேட்டிவ் காமன்ஸிலும் எல்லாம் ஒன்றல்ல. ஆறு வகை உரிமங்கள் இருக்கின்றன. 'வணிக நோக்கம் கூடாது' என்ற நிபந்தனை இருந்தால், விளம்பரம் ஓடும் வலைப்பதிவில் அதை இடுவது சிக்கல். என் தளத்தில் விளம்பரம் வேண்டாம் என்று வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 'மாற்றக் கூடாது' என்று இருந்தால் மொழிபெயர்த்து வெளியிடவும் கூடாது, ஏனென்றால் மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். பிறமொழி ஓடைகளைத் தமிழாக்கி இட நினைக்கிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். அப்புறம், எந்த உரிமத்தில் எடுத்தோம், எந்தத் தேதியில் எடுத்தோம் என்பதை ஒவ்வொரு பதிவோடும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. தளக்காரர் பின்னால் உரிமத்தை மாற்றலாம். மாற்றுவதற்கு முன்பு முறையாக எடுத்ததற்கு அந்தப் பழைய உரிமம் தொடர்ந்து செல்லும். ஆனால் அப்போது என்ன இருந்தது என்று நாம் காட்ட வேண்டியிருக்கும்.

தனிப்பட்ட பதிவர்களிடம் நேரே கேட்டுவிடுவதுதான் என் வழி. நான் அனுப்பும் மடல் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"வணக்கம். உங்கள் பதிவுகளை நெடுநாளாகப் படிக்கிறேன். என் வலைப்பதிவில் பிறர் எழுத்துகளை அறிமுகப்படுத்தும் பகுதி ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் பதிவுகளின் தலைப்பு, சில வரிகள், உங்கள் பெயர், மூலப் பதிவுக்கான சுட்டி ஆகியவற்றை இட விரும்புகிறேன். முழுப் பதிவையும் இடலாமா, படங்களை இடலாமா என்பதைத் தனித்தனியே சொல்லுங்கள். என் தளத்தில் விளம்பரம் இல்லை. எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் ஒரு வரி எழுதினால் போதும், எடுத்துவிடுவேன். பதில் வராவிட்டால் இட மாட்டேன்."

கடைசி வாக்கியம் முக்கியம். "மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கும் அப்படி மடல்கள் வந்திருக்கின்றன. மடலைப் பார்க்காமலே இருந்தவர் எப்படிச் சம்மதித்தவர் ஆவார்?

இப்படிக் கேட்டதில் கிடைத்த பதில்கள் எனக்கு நிறையக் கற்றுத் தந்தன. ஒருவர் முழுப் பதிவையும் இடலாம், ஆனால் தன் தளத்தில் வந்து ஒரு வாரம் கழித்துத்தான் என்றார். தேடுபொறிகள் முதலில் மூலத்தைப் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். மிகவும் நியாயமான கோரிக்கை என்று தோன்றியதால், முழுப் பதிவு இடும் எல்லோருக்கும் அதையே விதியாக்கிவிட்டேன். இன்னொருவர் தொலைநோக்கி செய்வது பற்றிய பதிவுகளை மட்டும் எடுக்கச் சொன்னார், சொந்த வாழ்க்கை பற்றி எழுதுவது தன் தளத்தோடு இருக்கட்டும் என்றார். வேர்ட்பிரஸ் தளங்களில் ஒவ்வொரு பகுப்புக்கும் தனி ஓடை இருப்பதால் அது எளிதாக முடிந்தது. மறுத்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் மறுத்த கையோடு நீண்ட மடல் எழுதினார். இன்றுவரை நாங்கள் வானத்தைப் பற்றி எழுதிக்கொள்கிறோம். ஓடையைச் சத்தமில்லாமல் எடுத்திருந்தால் அந்த நட்பு கிடைத்திருக்காது.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்த முடிவு: தானாக வெளியாகட்டுமா, வரைவாக வந்து நிற்கட்டுமா? பல பிளக்இன்கள் தானாக வெளியிடும் வசதியைப் பெருமையாகக் காட்டும். நான் அதைத் தொடவில்லை. எல்லாம் வரைவாகத்தான் வரும். ஒவ்வொன்றையும் படித்து, ஏன் இதைப் படிக்க வேண்டும் என்று என் சொல்லில் இரண்டு மூன்று வரிகள் எழுதி, பதிவின் உள்ளிருந்து நல்ல பத்தி ஒன்றைத் தேர்ந்து, பிறகுதான் வெளியிடுவேன். வேர்ட்பிரஸ் தானாக எடுக்கும் சுருக்கம் முதல் 55 சொற்கள். நல்ல பதிவுகளில் பலவற்றின் முதல் 55 சொற்கள் நலம் விசாரிப்பிலும், போன பதிவின் நினைவூட்டலிலும் போய்விடும். நல்ல இடம் நடுவில் எங்கோ இருக்கும், அதை மனிதர் படித்துத்தான் எடுக்க முடியும். நேரம் பிடிக்கிறது, உண்மைதான். படிக்க நேரமில்லாத பதிவை என் வாசகர்களுக்குப் பரிந்துரைக்க எனக்கு என்ன தகுதி?

தமிழில் சுருக்கம் எடுப்பதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சில பிளக்இன்கள் சொல்லை எண்ணாமல் எழுத்துக் குறியீட்டையோ பைட்டையோ (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) எண்ணி வெட்டுகின்றன. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 'கோ' என்பது 'க' என்ற குறியீடும் அதைத் தொடரும் உயிர்க்குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். பைட் கணக்கில் வெட்டினால் கடைசி எழுத்து கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டமாகிவிடும். குறியீட்டுக் கணக்கில் வெட்டினால் எழுத்துப் பிழைபோலத் தெரியும்: 'தொலைநோக்கி' என்ற சொல் 'தொலைந' என்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்தவர்களுக்கு இது கண்ணில் படாது. பிளக்இன் தேர்ந்தெடுக்கும்போது நீளமான தமிழ்ப் பதிவு ஒன்றை உள்ளே விட்டுப் பாருங்கள். சொல் எல்லையில் வெட்டுகிறதா என்பதுதான் சோதனை.

வரைவாக நிறுத்தி வைப்பதன் அருமை வேறொரு சமயத்தில் நன்றாகத் தெரிந்தது. நான் தொடரும் பதிவர் ஒருவர் தன் தளத்தை எச்டிடிபியிலிருந்து பாதுகாப்பான இணைப்பு முறையான எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றினார். அப்போது முகவரியின் தொடக்கமும் மாறும். ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளம் ஒன்று இருக்கும். திரட்டும் கருவி அதை வைத்துத்தான் இது புதியதா, ஏற்கெனவே வந்ததா என்று முடிவு செய்கிறது. அவருடைய அமைப்பில் அந்த அடையாளம் முகவரியிலிருந்து உருவானது. முகவரி மாறியதும் ஓடையில் இருந்த பழைய பதிவுகள் எல்லாம் புதியவையாகி ஒரே நேரத்தில் என் வரைவுப் பெட்டியில் வந்து நின்றன. தானாக வெளியாகும்படி வைத்திருந்தால் என் முகப்பு முழுவதும் அவருடைய பழைய பதிவுகளாக இருந்திருக்கும். ஆட்டம் என்ற ஓடை வடிவத்தை வரையறுத்த 2005ஆம் ஆண்டின் ஆவணம், தளம் இடம் மாறினாலும், மறுவெளியீடு ஆனாலும் இந்த அடையாளம் மாறவே கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. நடைமுறையில் மாறுகிறது. ஒரே ஓடையிலிருந்து வழக்கத்துக்கு மாறாக நிறைய வந்தால் கையை வைக்காமல் நிறுத்திவிட்டு, அந்தத் தளக்காரருக்கு ஒரு வரி எழுதிக் கேட்பேன். பாதி நேரம் அவருக்கே தெரியாத கோளாறாக இருக்கும், சொன்னதற்கு மகிழ்வார்.

தேதி இன்னொரு பாடம். வானியல் பதிவுகளில் 'இன்றிரவு', 'நாளை அதிகாலை' என்ற சொற்கள் தாராளமாக வரும். ஆகஸ்ட் 12, 13 ஒட்டிய இரவுகளில் பெர்சீட் விண்கல் பொழிவு உச்சத்துக்கு வரும். அதைப் பற்றி ஒருவர் 11ஆம் தேதி 'நாளை இரவு பாருங்கள்' என்று எழுதியதை நான் 13ஆம் தேதி என் பக்கத்தில் புதுப் பதிவாகக் காட்டினால், அவர் எழுதியது சரியாக இருந்தும் என் பக்கத்தில் அது தவறாகிவிடும். வாசகர் குறை சொல்வது எழுதியவரைத்தான். ஆகவே மூலத் தேதியை ஆசிரியர் பெயருக்குப் பக்கத்திலேயே பெரிதாகக் காட்டுகிறேன், காலம் கடந்துபோன அறிவிப்புகளை இடுவதே இல்லை. ஓடையில் வரும் நேரத்தோடு நேர மண்டலமும் வரும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் தேதியை மட்டும் வைத்துக்கொள்ளும் கருவிகளை ஒதுக்கிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் திருத்தங்கள். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் நினைவிருக்கலாம். 2032இல் அது பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம் வரை போனது. புதிய அவதானிப்புகள் வர வர, ஒரு வாரத்துக்குள் அந்த வாய்ப்பு ஏறத்தாழ இல்லை என்ற நிலைக்கு இறங்கிவிட்டது. இப்படிச் சதவீதம் முதலில் ஏறிப் பிறகு சரிவது இயல்பான நிகழ்வுதான். பாதை துல்லியமாகத் தெரியத் தெரிய, நிச்சயமின்மையின் எல்லை சுருங்கும். பூமி அதற்குள் இருக்கும்வரை சதவீதம் ஏறும், வெளியே வந்துவிட்டால் சரியும். பொறுப்புள்ள பதிவர்கள் அந்த நாட்களில் தங்கள் பதிவை ஒவ்வொரு நாளும் திருத்தினார்கள், தலைப்பையும் மாற்றினார்கள். ஆனால் ஓடையிலிருந்து எடுத்துப் போட்ட நகல்கள் பல 3.1 என்ற எண்ணோடு அப்படியே நின்றுவிட்டன. பயந்துபோனவர்கள் தேடிப் படித்தது அந்த நகல்களையும்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. எழுதியவர் கவனமாகத் திருத்தியும், அந்தத் திருத்தம் போய்ச் சேராத இடங்களில் அவர் பெயரோடு பழைய எண் வாழ்கிறது.

என் தளத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. அனுமதி பெற்று முழுதாக இட்ட பதிவுகளுக்கு, ஓடையில் அதே அடையாளத்தோடு வரும் உரை முன்பு வந்ததிலிருந்து மாறியிருந்தால் எனக்குத் தகவல் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து என் நகலைத் திருத்துவேன். ஆனால் ஓடையில் அண்மைப் பதிவுகள் மட்டும்தான் இருக்கும். வேர்ட்பிரஸ் வழக்கமாகக் கடைசிப் பத்தை மட்டுமே தருகிறது. அதற்கு முந்தைய பதிவில் செய்யும் திருத்தம் ஓடையில் வராது. அதனால், வேகமாக மாறக்கூடிய செய்தி என்றால் முழுப் பதிவுக்கு அனுமதி இருந்தாலும் சுருக்கமும் சுட்டியும் மட்டும் போடுகிறேன். வாசகர் மூலத்துக்குப் போய்ப் படிக்கட்டும், அங்கேதான் புதிய நிலவரம் இருக்கும்.

நீக்கப்பட்ட பதிவுகளில் இது இன்னும் கூர்மையாகிறது. ஒருவர் பதிவை எடுத்துவிட்டால் ஓடை அதைச் சொல்லாது. அந்தப் பதிவு ஓடையிலிருந்து காணாமல் போகும், அவ்வளவுதான். பழையதாகி நகர்ந்த பதிவும் அப்படித்தான் காணாமல் போகும். நீக்கத்தை அறிவிக்க ஆட்டம் வடிவத்துக்கு 2012இல் தனி விதி ஒன்று எழுதப்பட்டது, நான் தொடரும் ஓடைகள் எதிலும் அதைக் கண்டதில்லை. எனவே, நான் இட்ட பதிவுகளின் மூலச் சுட்டிகளை அவ்வப்போது ஒரு சிறு நிரல் தட்டிப் பார்க்கும். 404 அல்லது 410 என்று, அதாவது அந்தப் பக்கம் இல்லை என்று, பதில் வந்தால் என் நகலை உடனே மறைத்துவிட்டு எழுதியவரைக் கேட்பேன். ஒருவர் ஒரு பதிவை எடுக்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை எனக்குச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

அப்படிக் கேட்டபோது ஒரு முறை நேர்மாறான பதில் வந்தது. அந்தப் பதிவர் எதையும் நீக்கவில்லை. அவர் வாடகைக்கு எடுத்திருந்த வழங்கிச் சேவை முடிந்துபோய், தளமே அழிந்திருந்தது. சொந்தக் காப்புப்படி எதுவும் அவரிடம் இல்லை. அவர் அனுமதியோடு நான் முழுதாக இட்டிருந்த பதிவுகள் என்னிடம் பத்திரமாக இருந்தன: மூலத் தேதி, பழைய முகவரி, படங்களின் கீழ் வரிகள் எல்லாம் ஓடையில் வந்தபடியே. எல்லாவற்றையும் தொகுத்து அனுப்பினேன். அவர் புதிய இடத்தில் அதே தேதிகளோடு ஏற்றிக்கொண்டார். மூல விவரங்களை ஒன்றுவிடாமல் சேமிக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வலியுறுத்துவதற்கு அந்த நிகழ்ச்சி ஒரு பெரிய காரணம்.

தொழில்நுட்பத்தில் இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தை மூலத் தளத்தின் முகவரியிலிருந்தே நேரடியாகக் காட்டினால், என் வாசகர் ஒவ்வொருவர் பார்க்கும்போதும் எழுதியவருடைய சர்வர் (தளம் இயங்கும் கணினி) உழைக்கும், செலவு எழுதியவருக்கு. நம் தளத்தில் நகலெடுத்து வைத்தால் அது தனி அனுமதி தேவைப்படும் செயல். மடலில் படங்களைப் பற்றித் தனியாகக் கேட்பது இதனால்தான். ஓடையில் வரும் எச்டிஎம்எல்லை (பக்கத்தை அமைக்கும் குறிமொழி) நம்பி அப்படியே உள்ளே விடக் கூடாது. ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் இயங்கும் நிரல்), ஐஃபிரேம் (வேறு பக்கத்தை உள்ளே காட்டும் சட்டம்), சொடுக்கினால் இயங்கும் பண்புகள் எல்லாவற்றையும் வடிகட்ட வேண்டும். எழுதியவர் நல்லவராக இருந்தாலும் அவருடைய தளத்துக்குள் வேறு யாராவது புகுந்திருக்கலாம். வாசகரைப் பின்தொடர வைக்கும் ஒற்றைப் பிக்சல் படங்களும் ஓடையில் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு, அவற்றையும் எடுத்துவிடுகிறேன். மூலத்தில் தளப் பெயர் இல்லாமல் எழுதிய உள்சுட்டிகள் நம் தளத்தில் உடைந்துபோகும், முழு முகவரியாக மாற்ற வேண்டும்.

ஓடையை எத்தனை முறை போய்ப் பார்ப்பது என்பதிலும் மரியாதை இருக்கிறது. வாரம் ஒரு பதிவு எழுதுகிறவரின் சர்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தட்டுவதில் யாருக்கும் பயன் இல்லை. வேர்ட்பிரஸ்ஸின் உள்ளமைந்த வசதி ஒரு முறை எடுத்ததை 12 மணி நேரம் வைத்துக்கொள்கிறது, பெரும்பாலான தளங்களுக்கு அது போதும். போய்ப் பார்க்கும்போதும், 'நான் கடைசியாகப் பார்த்ததிலிருந்து மாறியிருந்தால் மட்டும் கொடு' என்று கேட்க எச்டிடிபி என்ற அந்த இணைப்பு முறையில் வழி இருக்கிறது. மாறவில்லை என்றால் 304 என்ற எண்ணோடு வெறும் பதில் வரும், முழு ஓடையும் வராது. உங்கள் கருவி இப்படிக் கேட்கிறதா என்று சரிபாருங்கள். 429 என்று பதில் வந்தால் அடிக்கடி வருகிறீர்கள் என்று பொருள், விலகி நில்லுங்கள். கருவி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அடையாள வரியில் என் தள முகவரியைப் போட்டிருக்கிறேன், சர்வரின் வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறவருக்கு யார் வந்து போகிறார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா?

தேடுபொறி விஷயத்தில் எழுதியவருக்கு நம்மால் குறை வரக் கூடாது. ஒரே உரை இரண்டு இடத்தில் இருந்தால் எது மூலம் என்று தேடுபொறி ஊகிக்கும், தவறாகவும் ஊகிக்கலாம். மூலம் எது என்று சொல்லும் 'கெனானிகல்' குறிப்பை 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிமுகப்படுத்தின. பலர் அதைப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். மறுவெளியீட்டுக்கு அது போதாது, நகலைப் பட்டியலிட வேண்டாம் என்று தடுப்பதே சிறந்தது என்று கூகுளே இப்போது வழிகாட்டுகிறது. முழுதாக இட்ட பதிவுகள் எல்லாவற்றுக்கும் அப்படித் தடுக்கும் 'நோஇண்டெக்ஸ்' குறிப்பைப் போட்டிருக்கிறேன். என் தளத்துக்கு அதனால் வருகை குறையும், குறையட்டும். அந்த வருகை அவருக்கு உரியது. மறுமொழிப் பெட்டியையும் அந்தப் பதிவுகளில் மூடிவிட்டேன், பேச வேண்டியவர்கள் எழுதியவரிடமே போய்ப் பேசட்டும்.

பலர் மறந்துபோகும் இடம், நம்முடைய சொந்த ஓடை. நான் மறுவெளியிடும் பதிவு என் ஓடையிலும் போனால், என் ஓடையை எடுக்கும் இன்னொருவர் அதை என் பெயரில் போடுவார். அவரிடமிருந்து வேறொருவர் எடுப்பார். இரண்டு மூன்று கை மாறுவதற்குள் எழுதியவர் பெயர் கரைந்துவிடும். ஆர்எஸ்எஸ் 2.0 வடிவத்தில் இதற்கென்றே 'சோர்ஸ்' என்ற உறுப்பு இருக்கிறது. இந்தப் பதிவு எந்த ஓடையிலிருந்து வந்தது என்று சொல்வதே அதன் வேலை. ஆட்டம் வடிவத்திலும் அதே பெயரில் உண்டு. அவ்வளவு அழகாக யோசித்து வைத்திருக்கிறார்கள், ஆனால் அதை நிரப்பும் கருவிகள் குறைவு. நான் பிறர் பதிவுகளை என் முதன்மை ஓடையிலிருந்து விலக்கி, தனி ஓடையாக வைத்திருக்கிறேன். அதில் இந்த உறுப்பை நிரப்பி, சுட்டியும் மூலத்துக்கே போகும்படி செய்திருக்கிறேன்.

என் எழுத்துகளும் இப்படி எடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தளம் என் ஓடையை முழுதாக எடுத்து, என் பெயரை நீக்கி, பத்திக்குப் பத்தி விளம்பரம் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தது. மடல் எழுதினேன், பதில் இல்லை. அவர்களுக்கு இடம் கொடுத்த வழங்கி நிறுவனத்துக்கு, எந்தப் பதிவு, மூலம் எங்கே, எந்தத் தேதியில் வெளியானது என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு எழுதிய பிறகு எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஓடையில் போகும் ஒவ்வொரு பதிவின் அடியிலும் 'இது முதலில் வெளியான இடம்' என்று சுட்டியோடு ஒரு வரி சேர்கிறது. பதிவுக்குள் என் மற்றப் பதிவுகளைச் சுட்டும்போதும் முழு முகவரியையே எழுதுகிறேன். தானாக எடுத்துப் போடும் தளம் அதையும் சேர்த்தே எடுக்கும், வாசகர் தட்டினால் என்னிடம் வந்து சேர்வார்.

என் ஓடையின் தலைப்பகுதியில் உரிமை பற்றிய உறுப்பையும் நிரப்பியிருக்கிறேன். அதிலிருந்து நிபந்தனைப் பக்கத்துக்குச் சுட்டி போகிறது. அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: தலைப்பையும் ஒரு பத்தியையும் என் பெயரோடும் சுட்டியோடும் யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். முழுப் பதிவு வேண்டும் என்றால் ஒரு வரி எழுதுங்கள், விளம்பரம் இல்லாத தளம் என்றால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வேன். பதிவைத் திருத்தினால் உங்களுக்கும் சொல்வேன், நீங்களும் திருத்துங்கள். படங்கள் என்றால் எந்தப் படம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். சிலவற்றின் உரிமை என்னுடையது அல்ல, யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன்.